இஹ்ராமும் இறைசரணும்

இசுலாம் என்னும் அரபுச் சொல் இறைவனிடம் தன்னை ஒப்படைத்தலைக் குறிக்கும். தமிழில் இதற்கு நிகராகச் சரண், அடைக்கலம், அடிமைத்திறம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இச்சொற்களைக் கேட்டவுடன் தமிழ் பயின்றார் உள்ளத்தில் தோன்றுவது ஆழ்வார்களும் நாயன்மார்களும் பாடிய உருக்கமே. கண்ணீர் மல்குதலும் நாத் தழுதழுத்தலும் சரணடைந்தார்க்குரிய அடையாளங்கள் எனக் கொண்டு பழகிவிட்டோம். அப்பழக்கத்தைக் கொண்டே இசுலாமியத் தமிழ் இலக்கியத்தையும் அளக்கின்றோம். அவ்வளவுகோல் போதுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இசுலாத்தின் ஐந்து கடமைகளுள் ஒன்றாகிய ஹஜ், ஒப்படைத்தலை உருக்கத்தினும் மிகுதியாகச் செயலால் பயிற்றுவது. அச்செயலின் இயல்பை உணர்ந்தாலன்றிச் சீறாப்புராணத்தின் சில பகுதிகள் தம் முழுப்பொருளைத் தாரா என்பது ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் ஆடையை நோக்குவோம். அதனினின்று தொடங்குதற்குக் கொங்குநாட்டில் தனிப் பொருத்தம் ஒன்று உண்டு. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தினர் என்பது மரபு. அவர் பஞ்சினைச் சொல்லாகவும், இழையைப் பனுவலாகவும், நூற்கும் பெண்ணைப் புலவனாகவும், கையை வாயாகவும், கதிரை மதியாகவும் உருவகம் செய்து நூல் தோன்றும் முறையை விளக்கினார். அப்பகுதியும் அதனை அடுத்த திருப்பூரும் இன்றும் நூலாலும் ஆடையாலும் வாழ்கின்றன. திருப்பூரில் 1925ஆம் ஆண்டளவில் பின்னலாடைத் தொழிலுக்கு வித்திட்டவர் குலாம் காதர் என்னும் இசுலாமிய வணிகர். இழைக்கும் ஏட்டுக்கும் ஒரு பெயரே வழங்கும் மொழியில், ஆடையையும் படிக்கத்தக்க நூலாகக் கொள்ளுதல் தகும்.

ஹஜ் செய்யப் புகும் ஆடவர், எல்லை எனக் குறிக்கப்பட்ட இடத்தைக் கடக்குமுன் தம் உடைகளைக் களைந்து, இடையில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரண்டு துணிகளை மேற்கொள்வர். இந்நிலைக்கு இஹ்ராம் என்று பெயர். இந்தியாவிலிருந்து கடல்வழி சென்றார்க்கு யலம்லம் என்னும் இடம் அவ்வெல்லையாக அமைந்தது. இன்று வானூர்தியில் செல்வோர் முன்னரே இவ்வுடையை அணிந்து கொள்கின்றனர். இதனைத் 'தைக்காத துணி' என்றே பலரும் கூறுவர். அவ்விளக்கம் முழுமையுடையது அன்று. திருப்பூரின் வட்டப் பின்னற்பொறியில் துணி குழாய்போல் வெளிவருவதால், பக்கத் தையலே இல்லாத பனியன் அங்கு ஆக்கப்படுகிறது. ஒரு தையலும் இன்றி முழுதும் பின்னியே முடிக்கப்பட்டதாயினும், அத்தகைய மேலாடை இஹ்ராமில் ஆடவர்க்கு விலக்கப்பட்டதே. உடலுறுப்பின் வடிவுக்கு ஏற்ப அமைக்கப்பட்ட ஆடை கூடாது என்பதே சட்டநூலாரின் கருத்து. ஆகவே விலக்கப்பட்டது ஊசியன்று; அளவு.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் இதன்கண் ஆழ்ந்த பொருள் உண்டு. பனியன் ஒவ்வொன்றிலும் 80, 85, 90 என மார்பின் சுற்றளவு குறிக்கப்பட்டிருக்கும். ஒருவனுக்குப் பொருந்துவது பிறிதொருவனுக்குப் பொருந்தாது. மக்கள் தம் குலத்தையும் செல்வத்தையும் கல்வியையும் இவ்வாறே தம் அளவிற்கு வெட்டித் தைத்து அணிந்துகொள்கின்றனர். இஹ்ராம் துணிக்கோ எண் இல்லை. அரசனுக்கும் அவன் ஏவலனுக்கும் அது ஒருபடித்தாகவே பொருந்தும். பிணத்துக்குப் போர்த்தும் கஃபன் துணியை இது நினைவூட்டுவது என இமாம் கஸ்ஸாலி உரைத்தார். தன் அளவைத் தானே கழற்றி வைத்தல் ஒப்படைத்தலின் முதற்படி. அதன்பின் நறுமணம் பூசுதலும், முடியும் நகமும் களைதலும், வேட்டையாடுதலும், இல்லறக் கூட்டமும் விலக்கப்படுகின்றன, பூசலிடுதல் கடியப்படுகின்றது. 'அழைத்தாய், வந்தேன்' என்னும் கருத்துடைய லப்பைக் என்ற சொல் இடையறாது ஒலிக்கிறது. லப்பை என்னும் தமிழகச் சமூகப் பெயர் இச்சொல்லினின்று பிறந்தது என்பாரும் உளர்.

பெண்டிர் தைத்த ஆடையையே அணியலாம் என்பது விதி. எனின், ஹஜ்ஜின் பாடம் ஆடவர்க்கே உரியதோ எனின், அன்று. ஆடை பற்றிய விதி ஆடவர்க்குரியதாயினும், ஹஜ்ஜின் இன்றியமையாச் செயல்களுள் ஒன்று ஒரு பெண்ணின் செயலை ஆடவர் பெண்டிர் அனைவரும் மீளச் செய்வதாகும். இப்ராகீம் நபி இறையாணைப்படி தம் மனைவி ஹாஜராவையும் மகவு இசுமாயிலையும் பயிரில்லாப் பள்ளத்தாக்கில் விட்டுச் சென்றார். நீர் தீர்ந்தபொழுது அத்தாய் சபா, மர்வா என்னும் இரு குன்றுகளுக்கிடையே ஏழுமுறை ஓடினாள். பின்னரே சம்சம் ஊற்றுத் தோன்றியது. பாலைத்திணையில் உடன்போகிய மகளைத் தேடிச் சுரத்திடைச் செல்லும் செவிலியை அறிந்த தமிழர்க்கு இவ்வோட்டம் அயலானது அன்று. ஆயினும் செவிலி தேடுவது பிரிந்த மகளை. ஹாஜரா தேடியது மகவின் உயிர்க்கு வேண்டிய நீரை. இறைவன் கைவிடான் எனத் தெளிந்தவள் வாளா அமர்ந்திலள், ஓடினாள். நீர் அவள் ஓடிய குன்றுகளில் கிடைக்கவில்லை. மகவு கிடந்த இடத்திலேயே சுரந்தது. முயற்சி மனிதனுடையது, பயன் இறைவனுடையது என்பதே இதன் பொருள். சரணடைதல் மடிமைக்கு வழி எனக் கருதுவார்க்கு இவ்வொரு நிகழ்ச்சியே தக்க விடை.

இனிச் சீறாப்புராணத்தை நோக்குவோம். உமறுப் புலவர் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் இக்காப்பியத்தை அமைத்தார். இதனைப் பாராட்டுவோர் பெரும்பாலும் நாட்டுப்படலத்தையே எடுத்துக்காட்டுவர். அரபு நாட்டில் மழை பொழிந்து ஆறு பெருகி நெல் விளைவதாகப் புலவர் பாடியதைத் தமிழ் மரபின் வெற்றி என்பர். காப்பிய இலக்கணம் நோக்க அப்பாராட்டுத் தக்கதே. ஆயின் கஃபா பயிரில்லாப் பள்ளத்தாக்கில் அமைந்தது என்பதன்கண் ஹஜ்ஜின் பொருளே அடங்கியுள்ளது. ஆற்றுவளமும் வயல்வளமும் உடைய ஊராயின் ஹாஜரா ஓடவேண்டியதில்லை. நீர் அருளாகவும் தோன்றாது. நாட்டுப்படலத்தோடு நின்று உமறுவை அளப்பார், புலவரின் தமிழைக் கண்டு அவர் பாடிய சமயத்தைக் காணாது விடுகின்றனர். அதே காண்டத்துச் சுரத்திற் புனலழைத்த படலத்தையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். அங்கே வளம் பாடிய புலவரே வறட்சியையும் பாடுகின்றார். நீர் நிலத்தின் இயல்பாக அன்றி இறையருளின் பேறாகத் தோன்றுகின்றது. மருதம் மரபுக்கு அவர் செலுத்திய கடன். பாலை அவர் சமயத்தின் உண்மை.

விலாதத்துக் காண்டத்தின் இறுதியில் கஃபத்துல்லா வரலாற்றுப் படலம் நிற்கின்றது. நபிப்பட்டம் பெறுவதைக் கூறும் காண்டத்துக்கு முன்னர் இஃது அமைந்தமை கருதத்தக்கது. குறைசிகள் கஃபாவைப் புதுக்கியபோது, கருங்கல்லை உரிய இடத்தில் வைக்கும் சிறப்பு எக்குலத்தார்க்கு உரியது என்று பூசல் எழுந்தது. அப்பொழுது 35 அகவையினராயிருந்த நபிகள் நாயகம் ஒரு துணியை விரித்து, அதில் கல்லை வைத்து, குலத்தலைவர் அனைவரையும் அதன் விளிம்புகளைப் பற்றித் தூக்கச் செய்து, பின் தம் கையால் கல்லைப் பதித்தார் என்பது வரலாறு. ஒருவர்க்கும் தனியுரிமை இன்றி எல்லார் கைக்கும் இடந்தந்தது அத்துணி. இஹ்ராம் ஆடையின் பொருளும் இதுவேயன்றோ? நபித்துவத்தின் வாயிலில் இப்படலத்தை நிறுத்திய புலவர், குலச்செருக்கு நீங்கிய பின்னரே இறைமொழி இறங்குதற்கு இடம் உண்டாகும் என்று உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

கருங்கல் பற்றிப் பிறிதொரு செய்தியும் உண்டு. இது நன்மையும் தீமையும் செய்யமாட்டாத கல் என்பதை நான் அறிவேன். நபிகள் முத்தமிடக் கண்டமையால் யானும் முத்தமிடுகிறேன் என்னும் கருத்துப்படக் கலீபா உமர் கூறினார் என்பர். கல்லெறிதல், குன்றிடை ஓடுதல் போன்றவற்றில் மனிதன் தன் அறிவுக்கோ விருப்பத்துக்கோ இசைவு காணான். ஆணை என்பதொன்றே அவனைச் செலுத்தும். ஆதலின் அடிமைத்திறம் அங்கே முழுமையாகும் என 1111இல் மறைந்த கஸ்ஸாலி விளக்கினார். இஃது அறிவைப் பழித்தலோ எனின், அன்று. தன் அறிவே யாவற்றுக்கும் இறுதி அளவுகோல் என்னும் செருக்கை ஒழித்தலாகும். நம் சமயங்களிலும் செயல்வழித் தொண்டு உண்டு. அப்பரடிகள் உழவாரப்படை ஏந்தினார். ஆயின் அது அடியவர் தாமே தேர்ந்த தொண்டு. ஹஜ்ஜில் நாளும் இடமும் எண்ணும் முன்னரே வகுக்கப்பட்டவை. துல்ஹஜ் 9ஆம் நாள் அரபாத்து வெளியில் நிற்றலைத் தவறவிட்டவர்க்கு அவ்வாண்டு ஹஜ் இல்லை. எத்துணை உருகினும் மறுநாள் நின்று அதனை ஈடு செய்தல் இயலாது.

சீறா இந்நிற்றலைப் பாடாமலே நின்றுவிட்டது. நாயகத்தின் வாழ்வு முழுவதையும் உமறுப் புலவர் பாடி முடிக்கவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச்சீறாவில் பாடினார். 632இல் நிகழ்ந்த இறுதி ஹஜ்ஜில், அரபியர்க்கும் அரபியர் அல்லாதார்க்கும் இறையச்சத்தால் அன்றி ஏற்றத்தாழ்வு இல்லை என்று நாயகம் அறிவுறுத்தியதாகக் கூறுவர். துணி ஒன்றால் குலப்பூசல் தீர்த்த இளமைச் செயலும், அளவில்லா ஆடையணிந்தோர் நடுவே முழங்கிய இறுதியுரையும் ஒரே காப்பியத்தில் முதலும் முடிவுமாக அமையும் பேறு தமிழுக்கு வாய்க்காமற் போயிற்று.

இறுதியாக ஒன்று. காதற்ற ஊசி பட்டினத்தாரைத் துறவியாக்கியது என்பது கதை. அவர் வணிகத்துக்கு மீளவில்லை. ஹாஜியோ மீள்கின்றார், பத்தாம் நாள் முடி களைந்தபின் தைத்த ஆடையை மீண்டும் அணிகின்றார். ஹஜ்ஜின்போது வணிகம் செய்தலையும் குர்ஆன் குற்றமெனக் கொள்ளவில்லை. ஆகவே இது துறவு அன்று; துறவின் பொருளை இல்லறத்துக்குக் கொண்டுவரும் பயிற்சி. புறப்படுமுன் கடன் தீர்த்தல், அடைக்கலப் பொருளை உரியவரிடம் சேர்த்தல், உற்றாரிடமும் அயலாரிடமும் பிழைபொறுக்க வேண்டுதல் ஆகியவை முறையாக வகுக்கப்பட்டுள்ளன. நூலும் ஊசியும் கணக்கும் கூலியுமாக வாழும் ஊரில் ஒப்படைத்தல் கடைத்தெருவிலேயே தொடங்குகின்றது. மீண்டபின் அதன் உண்மை சோதிக்கப்படுவதும் அங்கேதான். ஹாஜியார் என்னும் பட்டம் ஊரார் அன்பால் தருவது. அதனையே மார்பளவாக்கி ஒருவர் புதிய சட்டை தைத்துக்கொள்வாராயின், களைந்த அளவு மீண்டும் வந்து பொருந்திவிடும். அளவற்ற துணியைச் சில நாள் உடுத்தவர், தம்மிடம் வேலை செய்வாரையும் கடன்பட்டாரையும் எவ்வளவுகோலால் அளக்கின்றார் என்பதே அவர் ஹஜ்ஜுக்குச் சான்று. இசுலாமியத் தமிழ் இலக்கியத்தை ஆராய்வோரும் நெல்வயலின் அழகோடு நில்லாது, இச்செயல்நெறியின் பொருளையும் நாடிப் படித்தல் கடன்.