சொல்லும் செயலும்: முஸ்லிம் உலகிற்கு அமெரிக்கா விடுத்த தூது

வேந்தன் வேந்தனிடம் தூது விடுத்தல் பண்டை வழக்கு. ஓர் அரசு பிறநாட்டுப் பொதுமக்களையே நேரே நோக்கிப் பேச முற்படுதல் இக்கால வழக்கு. இதற்குப் 'பொதுசன இராசதந்திரம்' என்னும் பெயரை 1965ஆம் ஆண்டில் வழங்கியவர் அமெரிக்கத் தூதுவராயிருந்த எட்மண்ட் கலியன் ஆவர். அன்பு, அறிவு, சொல்வன்மை என்னும் மூன்றையும் தூதுரைப்பார்க்கு வேண்டியனவாக வள்ளுவர் வகுத்தனர். 2001 செப்டெம்பருக்குப் பின் ஐக்கிய அமெரிக்கா அரபு, முஸ்லிம் மக்களுக்கு விடுத்த தூதில் இவை எத்துணை அமைந்திருந்தன என்பது ஈண்டு ஆராய்தற்பாலது.

சொல்வன்மைக்குக் குறைவிருந்ததில்லை. விளம்பரத் துறையிற் பெயர்பெற்ற சார்லட் பியேர்ஸ் அம்மையார் இப்பணிக்கு அமர்த்தப்பட்டார். 2002ஆம் ஆண்டு றமழான் காலத்தில் அமெரிக்க முஸ்லிம்களின் நல்வாழ்வைக் காட்டும் குறும்படங்கள் வெளிவந்தன. ஆசிரியை, மருத்துவர், வெதுப்பகம் நடத்துபவர் முதலியோர் அவற்றில் தோன்றினர். அவர்கள் கூறியது பொய்யன்று. எனினும் எகிப்து, யோர்தான், லெபனான் ஆகிய நாடுகளின் அரச தொலைக்காட்சிகள் அவற்றை ஏற்க மறுத்தன. அமெரிக்காவில் முஸ்லிம்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதன்று அந்நாட்டு மக்களின் வினா. பலத்தீனத்தில் நடப்பது நீதியா, ஈராக்கின்மீது போர் ஏன் என்பனவே அவர்தம் வினாக்கள். நோய் பிறிதாக மருந்தும் பிறிதாயிற்று. 2003 மார்ச்சில் அம்மையார் பதவி துறந்தார். அதே மாதத்தில் ஈராக் போர் மூண்டது.

'ஒன்றாக' எனப் பொருள்படும் 'சவா' வானொலி 2002இலும், 'சுதந்திரமானது' எனப் பொருள்படும் 'அல்ஹுர்ரா' தொலைக்காட்சி 2004 பெப்ரவரியிலும் தொடங்கின. இளைஞர் பலர் சவாவின் இசையை விரும்பிக் கேட்டனர். ஆயின், பாட்டை விரும்பினோர் கொள்கையையும் விரும்பினர் எனக் கொள்ளற்கில்லை. அல்ஹுர்ரா தொடங்கி இரண்டு மாதங்களில் அபு குறைப் சிறைக்கொடுமையின் படங்கள் உலகெங்கும் பரவின. சுதந்திரத்தின் பெயர் தாங்கிய நிலையம் நாடோறும் பேசியதை அச்சில படங்கள் பேசாமலே மறுத்துவிட்டன.

அறிவும் இல்லாமற் போகவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆலோசனைக் குழுவொன்றே, முஸ்லிம்கள் வெறுப்பது அமெரிக்கரின் சுதந்திரத்தை அன்று, அவர்தம் கொள்கைகளையே என 2004இல் எடுத்துரைத்தது. அவ்வறிவு சொல்லைத் திருத்தப் பயன்பட்ட அளவு செயலைத் திருத்தப் பயன்படவில்லை. 1961 முதல் 1964 வரை அமெரிக்கத் தகவற் சேவைக்குத் தலைமை தாங்கிய எட்வேட் மறோ, கொள்கை வகுக்கும்போதே தம்மையும் கலந்துகொள்ளல் வேண்டும் என வற்புறுத்தியதன் பொருள் இதுவே.

இனி அன்பு. பியூ ஆய்வு நிலையத்தின் கணிப்பின்படி, 2002இல் இந்தோனேசியரில் நூற்றுக்கு 61 பேர் அமெரிக்காவை நல்லெண்ணத்தோடு நோக்கினர். ஈராக் போரின்பின், 2003இல் அத்தொகை 15 ஆயிற்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்பின் அமெரிக்கர் நேரிற் சென்று உதவினர். 2005இல் அது 38 ஆக உயர்ந்தது. அப்பேரலையின் கொடுமையை அறிந்த நமக்கு இதன் காரணத்தை எவரும் விளக்க வேண்டுவதில்லை. குறும்படங்கள் செய்யாததைக் குடிநீரும் மருந்தும் ஓரளவு செய்தன.

பிறர் மனத்துக்கேற்ப ஒரு வல்லரசு தன் கொள்கையை மாற்றுதல் இயலுமோ எனச் சிலர் வினவுவர். எல்லாவற்றையும் மாற்றுதல் வேண்டா. ஆனால் மாற்ற விரும்பாத கொள்கைக்கு விளம்பரத்தால் நன்மதிப்புத் தேடுதல் வீண். 2009 ஜூன் 4ஆம் நாள் கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் ஜனாதிபதி ஒபாமா ஆற்றிய உரை ஆர்வத்தோடு வரவேற்கப்பட்டது. சொல்லுக்கேற்ற செயல் தொடராமையின் அவ்வார்வமும் தணிந்தது.

2025இல் அரசின் நிதி தடைப்படவே அல்ஹுர்ராவின் தொலைக்காட்சி ஒளிபரப்பும் நின்றது. பேச்சாற் பயன் விளையாமையின் பேச்சே வேண்டா என முடிவு செய்வோர் முன்னைய பிழையினும் பெரும்பிழை புரிவர். பேசாதிருத்தல் செவிமடுத்தல் ஆகாது. கேட்டறிந்து, அறிந்தவற்றுக்கேற்பத் தன் செயலை ஒழுங்குசெய்யும் அரசின் சொல்லே பிறநாட்டார் நெஞ்சிற் சென்று தங்கும்.