முற்றுப்பெறாத ஆட்டத்துக்கு மீள்வது எப்போது?

சென்ற மாதம் தோட்டத்தில் விடுமுறை பெற்று, ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து, சிராங்கூன் சாலைக்கு அருகில் வசிக்கும் என் தமையனார் இல்லத்தில் இரண்டு தினங்கள் தங்கியிருந்தேன். இரவு உணவு முடிந்தபின் தமையனாரின் குமாரன் தன் கணினியைத் திறந்து காட்டி, "சித்தப்பா, போன வருஷம் பாதியில் நிறுத்திவைத்த விளையாட்டு இது. புதுப் பகுதி சேர்த்திருப்பதாக இப்பொழுது அறிவித்திருக்கிறார்கள். மறுபடி தொடங்கலாமா, இன்னும் பொறுக்கலாமா?" என்று கேட்டான். எனக்கும் இவ்விளையாட்டுகளில் பற்றுண்டு என்பதை அவன் அறிவான். ஆயினும் உடனே விடை கூற இயலவில்லை.

இதெல்லாம் பிள்ளைகள் விஷயம் என்று சிலர் நகைக்கக்கூடும். ஒரு கதையை எந்த நிலையில் சுவைப்பது முறை என்பதே இக்கேள்வியின் உட்பொருள். ஆதலின் இது இலக்கிய ஆராய்ச்சிக்கும் உரியதே என்பது எனது அபிப்பிராயம்.

விஷயம் அறியாதார் பொருட்டுச் சிறிது விளக்குவோம். வீடியோ கேம் இயற்றுவோர் சிலர், வேலை முடியுமுன்னரே அதனை விலைக்குக் கொடுத்து, வாங்கினோர் சொல்லும் குறைகளைக் கேட்டுத் திருத்தி, பின்னர் முழுமையாக வெளியிடுகின்றனர். இம்முறைக்கு 'எர்லி ஆக்ஸஸ்' என்று பெயர். ஸ்டீம் என்னும் விற்பனைத் தளம் 2013-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இதற்கெனத் தனிப் பகுதி திறந்தது. இன்றுள்ள நிலையில் ஆட விருப்பமில்லையேல் காத்திருப்பதே நலம் என்று அத்தளமே வாங்குவோருக்கு எச்சரிக்கை செய்கிறது.

நம்மவர்க்கு இந்நிலை முற்றிலும் புதிதன்று. அ. மாதவையா 1892-ம் ஆண்டில் 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 'சாவித்திரி சரித்திரம்' என்னும் கதையைத் தொடராக எழுதத் தொடங்கினார். அது இடையில் நின்றது. 1903-ம் ஆண்டில் அக்கதையே 'முத்துமீனாக்ஷி' என்னும் பெயருடன் முழு நூலாயிற்று. பதினோராண்டில் எழுதினவரும் மாறியிருப்பார், படித்தவரும் மாறியிருப்பார். விட்ட அத்தியாயத்திலிருந்து தொடர்வதா, முதலிலிருந்து படிப்பதா என்னும் கேள்வி அன்றைய வாசகர்க்கும் எழுந்திருக்கும். பாரதியாரின் 'சந்திரிகையின் கதை'யோ 1921-ல் அவர் மறைந்தமையால் முடிவுறாமலே நின்றுவிட்டது. அதற்குக் காத்திருப்பதில் பொருளில்லை; உள்ளவரை படிப்பதே வழி. ஆகவே, குறையாய் நிற்பவை யாவும் ஓரினமல்ல.

நிற்க. இரண்டு ஆட்டங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். அமெரிக்காவிலுள்ள சூப்பர்ஜயண்ட் நிறுவனத்தாரின் 'ஹேடீஸ்' 2018-ம் ஆண்டு டிசம்பரில் குறைநிலையில் வெளிவந்து, 2020-ம் ஆண்டு செப்டம்பரில் நிறைவுற்றது. பாதாள உலகத் தலைவனின் மகன் தந்தையின் மாளிகையினின்றும் தப்ப முயல்கிறான். வழியில் மாண்டால் அதே மாளிகையில் மீண்டும் எழுகிறான். எழுந்தவனிடம் அங்குள்ளோர் புதிய வார்த்தை பேசுகின்றனர். தோற்பதும் திரும்புவதுமே அக்கதை நடக்கும் விதம். கதையின் முடிவு 2020 வரை சேர்க்கப்படவில்லை. எனினும் இடையில் வந்தவர்க்குப் பெரிய நஷ்டமில்லை. புதிதாய்ச் சேர்ந்தவை, அவன் அடுத்த முறை எழும்போது இயல்பாகவே கதையில் கலந்துகொண்டன.

பெல்ஜியத்து லாரியன் நிறுவனத்தாரின் 'பால்டர்ஸ் கேட் 3' வேறு வகையானது. அது மூன்று அங்கங்கள் கொண்ட நாடகம் போன்றது. 2020-ம் ஆண்டு அக்டோபர் 6-ல் முதல் அங்கம் மட்டும் கொடுக்கப்பட்டது; முழு ஆட்டம் 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ல் வந்தது. முதல் அங்கத்தில் நாம் எவரைக் காக்கின்றோம், எவரைக் கைவிடுகின்றோம் என்பதன் பயன் பின் அங்கங்களில் விளைகிறது. முதல் அங்கத்தோடு நிற்பவன் விதைத்துவிட்டு அறுவடை காணாதவன். பழைய ஆட்டத்தின் பதிவுகளும் முழு ஆட்டத்தில் செல்லவில்லை. யாவரும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

அம்முதல் அங்கத்தை நான் மூன்று முறை ஆடியிருந்தேன். முழு ஆட்டம் வந்தபோது, எவர் எங்கே மறைந்திருப்பர், எவர் சொல்வது பொய் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாய் இருந்தது. புதிதாய் வந்தவர்கள் வியந்த இடங்களை நான் செக்ரோல் புரட்டுவது போலக் கடந்து சென்றேன். விற்றவர் மீது குற்றமில்லை. முதல் அங்கம் மட்டுமே என்று சொல்லியே விற்றனர். பொறுக்கமாட்டாத அவசரம் என்னுடையது. கொடுத்த பணத்துக்கு ஆட்டம் வந்தது. முதன்முறை காணும் வியப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

அப்படியாயின் 'முற்றிற்று' என்று அறிவிக்கும்வரை காத்திருந்தால் போதுமா? போதாது. 'ஸ்பேஸ்பேஸ் டி.எஃப்-9' என்னும் ஆட்டம் 2013-ம் ஆண்டு அக்டோபரில் குறைநிலையில் வந்தது. மறு அக்டோபரில், திட்டமிட்டவற்றுள் பல சேராமலே முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. 'புரொஜெக்ட் ஸொம்பாய்ட்' என்பதோ 2013-ம் ஆண்டு நவம்பரில் ஸ்டீமில் இவ்வரிசையில் சேர்ந்து, பத்தாண்டு சென்றும் முடிந்ததாக அறிவிக்கப்படவில்லை. எனினும் அதை ஆடி மகிழ்ந்தோர் மிகப்பலர். பஞ்சாங்கத்தில் குறித்துவிட்டதனால் மட்டும் ஒரு நாள் நல்லதாகிவிடாது. 1.0 என்று எண் இட்டுவிட்டதனால் மட்டும் ஓர் ஆட்டம் முழுமையாகிவிடாது.

தோட்டத்தார்க்கு இது விளங்கக்கூடியதே. நட்ட வருஷத்தை மட்டும் எண்ணிப் பார்த்துப் பால்மரத்தை வெட்டத் தொடங்குவதில்லை. குறித்த உயரத்தில் நாடா வைத்துச் சுற்றளவு பார்க்கின்றோம். ஏறத்தாழ 45 முதல் 50 சென்டிமீட்டர் பருத்த மரங்கள் நூற்றுக்கு எழுபது ஆனபின்னரே கத்தி படுகிறது. இளமரத்தில் கத்தி வைத்தால் பாலும் குறைவு, மரமும் பருக்காது. ஆட்டத்துக்கும் நாடா வேண்டும்.

அந்நாடா மூன்று கேள்விகளால் ஆனது. முதலாவது: நான் இதை ஏன் நிறுத்தினேன்? நிறுத்திய அன்றே காரணத்தை ஒரு வரியில் எழுதிவைத்தல் நலம். வருஷம் கழித்து நினைவு ஏமாற்றும். இரண்டாவது: சேர்த்ததாகச் சொல்லும் புதுமை அக்காரணத்தைத் தொடுகிறதா? கதை நடுவில் அறுந்ததனால் விட்டவனுக்குப் புது ஆடைகளும் புது ஆயுதங்களும் விடையாகமாட்டா. மூன்றாவது: பழைய பதிவு செல்லுமா? செல்லாதெனின், கண்டதையே மறுபடி காண மனம் இசையுமா? மூன்றுக்கும் மனம் ஒப்பினால் திரும்புக; ஒன்றுக்கேனும் ஒப்பாவிடில் பொறுத்திருக்க.

"எல்லாரும் பொறுத்திருந்தால் இயற்றுவோர் எதைக்கொண்டு வேலையை முடிப்பர்?" என்று ஒரு தடை எழலாம். நியாயமான கேள்வியே. சிறு குழுவினர் பலர் முன்பணத்தையே நம்பியிருக்கின்றனர். ஆனால் பணம் கொடுப்பது வேறு, ஆடுவது வேறு. உழைப்பவர்க்குக் கைகொடுக்க விரும்புவோர் இன்றே வாங்கித் திறவாது வைத்திருக்கலாம். குறை கண்டு சொல்லும் ஆர்வமுடையார் ஆடிப் பார்த்து எழுதலாம். அதுவும் ஓர் உதவியே. கதையின் முதற்சுவையை நாடுவோர்க்கு மட்டுமே யான் பொறுமை கூறுகிறேன். நாள் முழுதும் உழைத்து, இரவில் ஒரு மணி நேரம் மிச்சம் பிடிப்பவர்க்கு அந்த ஒரு மணி நேரம் அற்பமன்று.

மறுநாட் காலையில் தமையனார் மகனிடம் இம்மூன்று கேள்விகளையும் வைத்தேன். கதை பாலத்தண்டை வந்து நின்றுவிட்டதனால் நிறுத்தினேன் என்றான். இருவரும் அறிவிப்பைப் படித்தோம். மீன்பிடிக்கும் வசதியும் இரண்டு புது ஊர்களும் சேர்ந்திருந்தன. பாலத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை. "இன்னும் பருக்கவில்லை, சித்தப்பா" என்று சொல்லிக் கணினியை மூடினான். மாறுபட்ட அபிப்பிராயமுடைய நேயர்கள் எழுதினால் மகிழ்வேன்.