பல்லவி வரும்போது சேர்ந்து பாடுங்கள்

ஆரணிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பட்டுக்காகத்தான் வருகிறார்கள். கல்யாணம் நிச்சயமானதும் குடும்பத்தோடு வேன் பிடித்து வந்து, நெசவாளர் வீட்டிலேயே புடவை எடுத்து, கையோடு ஒரு மூட்டை பொன்னி அரிசியும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த மாதம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளூர்க்காரர்களாவது கிறிஸ்துமஸ் கேரல் கேட்க வருகிறார்களா என்றால் அதுவும் இல்லை. தெருமுனையில் கேரல் சத்தம் கேட்டதும், "அது அவங்க பண்டிகை" என்று ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். மறுநாள் கேக் போனால் கதவு திறக்கிறது. பல வருஷமாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நல்ல சங்கீதம் வாசலில் வந்து நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து சீரியல் பார்ப்பதா?

அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். வாசலில் நட்சத்திரம் ஏறிவிட்டால் அந்த வீடு தயாராகிவிட்டது என்று அர்த்தம். மாட்டுத்தொழுவக் காட்சிக்குப் பெயர் குடில். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் காட்டியதிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. கத்தோலிக்கர்களுக்கு 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி, சிஎஸ்ஐ சபையாருக்கு 25 விடியற்காலை ஆராதனை. பலகாரத்தில் அச்சு முறுக்கும் அதிரசமும் முக்கியம். கேக்கை விட்டாலும் பரவாயில்லை, அச்சு முறுக்கை விடாதீர்கள். இவ்வளவு தெரிந்தால் போதும். இனி பாட்டுக்கு வருவோம்.

கிறிஸ்துமஸை ரசிக்க முதலில் காது வேண்டும். அந்தக் காதுக்கு ஒரே ஒரு வித்தியாசம் பிடிபட வேண்டும்: பாமாலை வேறு, கீர்த்தனை வேறு. இரண்டும் ஆலயத்தில் பாடப்படுகின்றன, இரண்டும் தமிழில் இருக்கின்றன. ஆனால் இரண்டும் பிறந்த விதம் வேறு.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு காலத்திலிருந்தே ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றின் சொந்த மெட்டிலேயே பாடும் வழக்கம் தொடங்கிவிட்டது. பின்னால் வந்த ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் அதையே செய்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் பாமாலை. அதில் மெட்டு முதலில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் இத்தனை அசை என்ற கணக்கும் அங்கேயே முடிவாகிவிட்டது. அந்த அளவுக்குள் தமிழை மடித்து வைக்க வேண்டும். தமிழின் ஓசையோ குறிலிலும் நெடிலிலும் நிற்கிறது. இழுக்க வேண்டிய நெடில் குட்டைச் சுரத்தில் நசுங்கும், சட்டென்று முடிய வேண்டிய குறில் நீளச் சுரத்தில் ஆடும், ஒரு சொல்லின் நடுவே மூச்சு வாங்க வேண்டிவரும். பாமாலை பாடும்போது சபையாரின் முகத்தில் ஒரு கவனம் தெரியுமே, அது பெரும்பாலும் இந்தச் சிக்கலைச் சமாளிக்கும் கவனம்.

பாமாலையை நான் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் ஊரில், கிதார் துணையோடு முதன்முதலாகப் பாடப்பட்ட ‘சைலன்ட் நைட்’ தமிழிலும் அழகாகவே ஒலிக்கிறது. மெட்டு தாலாட்டு வேகத்தில் போவதால் நெடில்கள் உட்கார இடம் கிடைக்கிறது. வேகமான மெட்டுகளில்தான் தமிழ் திணறும்.

கீர்த்தனைக்குத் தஞ்சாவூர் போக வேண்டும். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரோடு படித்தவர். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரைக் குழப்பிப் பேசுகிறவர்கள் மேடைக்கு மேடை இருக்கிறார்கள்; இருவரும் வேறு வேறு ஆட்கள். சாஸ்திரியார் குறவஞ்சி நாடக வடிவத்தையே எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். குறத்தியும் குறியும் தாளக்கட்டும் அப்படியே இருக்க, பாட்டுடைத் தலைவர் கிறிஸ்து. அவரிடம் சொல் பிறக்கும்போதே ராகத்தோடு பிறக்கிறது. 1853இல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். நம் பக்கத்தில் ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனை நிறுவியதும் அதே 1853தான். பின்னாளில் வேலூர் சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் குடும்பம் அது. ஆரணி அந்த மிஷனின் நிலையங்களில் ஒன்று. இந்த ஊரில் சபை வேர்பிடித்த காலமும் கீர்த்தனை அச்சேறிய காலமும் ஒன்றாக இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

கோர்வைப் புடவையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா, நிறமும் வேறு வேறு. சேருமிடத்தில் இழைக்கு இழை பூட்டிக்கொண்டிருக்கும், இழுத்தாலும் பிரியாது. கீர்த்தனையில் சொல்லும் ராகமும் அப்படிப் பூட்டியிருக்கின்றன. புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலைமாட்டிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பார்கள். இன்று பாடும் மெட்டு பல பாட்டுகளில் அந்த ராகத்தைவிட்டு விலகி எளிமையாகிவிட்டது. ஆனாலும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டு அப்படியே நிற்கிறது.

அந்தக் கட்டுதான் புதிதாக வருகிறவருக்குக் கதவு. பாமாலையில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை புத்தகம் வேண்டும். கீர்த்தனையில் ஒருவர் சரணத்தை எடுத்துக் கொடுப்பார், கூட்டம் வாங்கிப் பாடும், பிறகு எல்லோரும் பல்லவிக்குத் திரும்புவார்கள். மறுபடி சரணம், மறுபடி பல்லவி. எந்த மதத்துக்காரராக இருந்தாலும் இரண்டாவது திருப்பத்தில் பல்லவி நாக்கில் வந்துவிடும். தெருவில் நின்று பாடுவதற்கென்றே செய்ததுபோல இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கீர்த்தனையைச் "சாவு வீட்டுப் பாட்டு" என்று ஒதுக்கும் வாலிபர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். கீபோர்டில் பதிந்து வைத்த தாளத்தைத் தட்டிவிட்டு, எல்லாப் பாட்டையும் ஒரே வேகத்தில் ஓட்டுகிறார்கள். அந்தத் தாளம் பாடுகிறவருக்காகக் காத்திருக்காது, கமகத்துக்கு நிற்காது. முன்னால் கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி போட்ட ஒருவர் குதிக்க, மேலே ட்ரோன் பறக்க, பாட்டு அரை நிமிஷத் துண்டாகச் சுருங்கிவிடுகிறது. ஆழமில்லாத ஆரவாரம் இது. சென்னை விமர்சகர்களும் சும்மா விடத்தக்கவர்கள் அல்ல. 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கிய காலத்திலிருந்து டிசம்பர் கச்சேரிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சபா கேன்டீன் தோசைக்கும் பத்தி ஒதுக்குகிறார்கள். அதே டிசம்பரில் ஊர் ஊராகச் சங்கராபரணமும் ஆனந்தபைரவியும் தெருவில் பாடப்படுவதைப் பற்றி அவர்கள் எழுதி நான் படித்ததில்லை. டிக்கெட் கிழித்து உள்ளே விட்டால்தான் அது சங்கீதமா?

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு இதில் பைத்தியம் பிடித்தது ஒரு தறிக்காரரால். பகலெல்லாம் குழித்தறியில் மிதிக்கட்டையை மிதித்துவிட்டு, இரவில் கேரல் குழுவோடு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். சரணத்தின் கடைசி வரியில் துருத்தியை நிதானமாக்குவார். பாட்டு ஒரு கணம் தொங்கும். பல்லவியின் முதல் எழுத்துக்குத் தபேலா விழும். பெட்ரோமாக்ஸ் சீறலையும் மீறித் திண்ணையிலிருந்த பாட்டிமார் சேர்ந்துகொள்வார்கள். அவர்களில் பாதிப்பேர் நெற்றியில் திருநீறு பூசியவர்கள். அந்த இடத்தில் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

அம்மா விடியற்கால ஆராதனைக்கு எடுத்துக் கட்டுவது அரக்குக் கரை போட்ட ஆரணிப் பட்டு. பனிக்குப் பயந்து எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுப் போவார்கள். அம்மா புடவை மடிப்பு மறைந்துவிடும் என்று போடவே மாட்டாள். ஆராதனை முடிந்து திரும்பும்போது வீடுகளில் தறிச் சத்தம் தொடங்கியிருக்கும், தை முகூர்த்தத்துக்கு. தட்டு தட்டாகப் பலகாரம் எடுத்துப் போவோம். தீபாவளிக்கு வந்த தட்டுகள்தான் அவை, ஒன்றையும் காலியாகத் திருப்பக் கூடாது.

சரி, எப்படி வருவது? கேரல் எங்கள் பக்கம் இரவு சாப்பாட்டு வேளைக்குப் பிறகுதான் வரும். அழைப்பு எதற்கும் காத்திருக்க வேண்டாம். "உள்ள வாங்கண்ணா" என்று யாராவது கூப்பிடுவார்கள், காப்பியும் வரும். போனைப் பையில் போடுங்கள். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள், கீபோர்டு ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம். கீபோர்டு மட்டும்தான் வந்திருக்கிறது என்றால், பெரியவர் யாரையாவது பார்த்து, "ஒரு கீர்த்தனை பாடுங்கய்யா" என்று கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இல்லாததால்தான் அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். முதல் சரணத்தை வாய் திறக்காமல் கேளுங்கள். பல்லவி திரும்பும்போது மெட்டைப் பிடித்து முனகுங்கள், அடுத்த சுற்றில் சொல்லும் வந்துவிடும். உச்சத்தில் குரல் எட்டவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள்; அடுத்த பாட்டை அரைக்கட்டை இறக்கி எடுப்பார்கள்.