இடுக்கணும் இறைநம்பிக்கையும்: கிறித்தவத் தமிழ்ப் பாடல்களில் ஓர் ஆய்வு

துன்பத்தை நோக்கும் முறையில் தமிழிலக்கியம் ஒரு நெறியே உடையதன்று. புறநானூற்றின் 192ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார், ஆற்று நீரின் வழிச் செல்லும் புணையாக உயிர் வாழ்வைக் காண்கின்றார். அங்கே துன்பம் எவரிடமும் முறையிடற்குரியதன்று, அறிந்து அமைதற்குரியது. திருவள்ளுவர் இடுக்கணழியாமை என ஓர் அதிகாரமே வகுத்து, அதனை அரசியலுள் வைத்தார். அவர் வேண்டுவது துன்பத்தைத் துன்புறுத்தும் உள்ளத் திண்மை. பத்தி நூல்களிலோ துன்புறுவோன் தனியன் அல்லன். அவன் முறையீட்டைக் கேட்பான் ஒருவன் உளன்.

கிறித்தவத் தமிழ்ப் புலவர் இம்மூன்றாம் நெறியினர் என்பது வெளிப்படை. ஆயினும், அவர்தம் பாடல்களில் வரும் இறைநம்பிக்கை புறத்தேயிருந்து வந்த கோட்பாடு என்றும், துன்புறுவார்க்குக் கூறும் எளிய ஆறுதலே என்றும் கருதுவார் உளர். இக்கூற்றை நூல்களின்கண் வைத்து ஆராய்தல் வேண்டும். ஆராயுங்கால், ‘இறைவன் நல்லன்’ என்னும் சொல் துன்பத்தைக் கண்டபின் பிறந்ததா, காணாமற் கடந்து பிறந்ததா என்பதே நமக்குரிய வினாவாகும்.

இவ்வினாவுக்கு அளவுகோல் தமிழ் மரபிலேயே உண்டு. குலசேகராழ்வார் திருவித்துவக்கோட்டுப் பதிகத்தில், வாளால் அறுத்துச் சுடும் மருத்துவனிடத்தும் அன்பு மாறா நோயாளனை ஓர் உவமையாகக் காட்டுகின்றார். சினந்து தள்ளினும் ஈன்ற தாயின் அருளையே நினைந்து அழும் குழவியைப் பிறிதோர் உவமையாகக் காட்டுகின்றார். இரண்டும் ஒரே பதிகத்தன; எனினும் பொருளால் வேறுபட்டன. நோயாளன் நம்புவது அறுவையின் பயனை அறிந்து. குழவிக்கு அவ்வறிவு இல்லை. தாயன்றி வேறு புகல் இல்லை என்பதே அது கண்ட உண்மை. முன்னது காரணம் கண்ட நம்பிக்கை. பின்னது காரணம் காணாதவிடத்தும் விடாத நம்பிக்கை. சிறு துன்பங்களுக்கு முன்னது பொருந்தும். பேரிடர்க்கு அது பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது.

அத்தகைய பேரிடர் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சம். மழை பொய்த்தது, விளைவு குன்றியது, விலை ஏறியது, ஆயினும் தானியம் கடல் கடந்து சென்றுகொண்டேயிருந்தது. நிவாரண வேலைக்கு வந்தோர்க்கு அரசாங்கம் அளந்த உணவும் குறைக்கப்பட்டது. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் மாண்டோர் 50 இலக்கத்திற்கும் மேற்பட்டோர் என மதிப்பிடுவர். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்பஞ்சத்தில் நலிந்தோர் உழைப்பால் வெட்டப்பட்டதாகும்.

மாயூரத்தில் முன்சீபாக விளங்கி, 1872இல் பணி நீங்கியிருந்த வேதநாயகம் பிள்ளை (1826-1889) அப்பஞ்சத்தைக் கண்ணெதிரே கண்டார். தம் பொருளை வறியோர்க்கு வழங்கினார். அவர் கொடையைக் கோபாலகிருட்டிண பாரதியார் கீர்த்தனையாற் பாராட்டினர் என்பது வழிவழி வரும் செய்தி. 1878இல் வெளிவந்த அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் பஞ்சத்தைப் பற்றிய பாடல்களும் உள்ளன. கத்தோலிக்கராகிய அவர், எச்சமயத்தாரும் பாடுமாறு பொதுமையின் நின்று இறைவனை அழைக்கின்றார். பஞ்சத்தைத் தீர்க்குமாறு மன்றாடுகின்றார். அதே நூலில் இறைவனது கருணையைப் புகழும் பாடல்களும் நிறைந்துள்ளன.

இவை ஒன்றோடொன்று முரணாவோ எனின், முரணா என்க. கருணையில்லான் என்று துணியப்பட்டவனிடம் எவரும் முறையிடார். முறையீடு என்பதே கேட்போனது நன்மையை உட்கொண்டு நிற்பது. ஆதலின், வேதநாயகரின் மன்றாட்டு நம்பிக்கையின் தளர்ச்சியன்று, அதன் செயற்பாடேயாம். அவர் பாடல் குழவியின் அழுகையை ஒத்தது. பசியால் மாயும் ஒருவனை நோக்கி, ‘இஃது உனக்கு மருந்து’ என்று கூறுதற்கு எவர்க்கும் உரிமை இல்லை.

விவிலியத்தின் யோபு நூலும் இதனை அரண் செய்கின்றது. யோபுவின் துன்பத்திற்கு அவன் பாவமே காரணம் என வாதிட்ட நண்பர்களை நூலின் முடிவில் இறைவன் கடிகின்றான். வாதிட்டு முறையிட்ட யோபுவே தன்னைக் குறித்துச் செவ்வையாகப் பேசினவன் என்கின்றான்.

இனி, எச். ஏ. கிருட்டிண பிள்ளையின் (1827-1900) இரட்சணிய யாத்திரிகத்தைக் காண்போம். திருநெல்வேலிக்கு அணித்தாகிய கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற இப்புலவர், சான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலைத் தழுவி இக்காப்பியத்தை இயற்றினார். பஞ்சம் நிலவிய 1878ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்ற இது 1894இல் நூலாக வெளிவந்தது. மூலநூலாசிரியரும் 1660 முதல் 1672 வரை பெட்போர்டுச் சிறையில் வாடியவரே.

பனியனது கதையில் பயணியின் இடர்கள் பலவகைப்பட்டன. அவற்றுள் ஐயமென்னும் கோட்டையிற் சிறைப்படுதல் அவன் பிழையால் வந்தது. கரடுமுரடான நேர்வழியை விட்டு மெல்லிய புல்வழி புகுந்ததன் பயன் அது. மாயச் சந்தையில் அவன் தோழன் கொல்லப்படுதலோ எப்பிழையாலும் வந்ததன்று. துன்பம் யாவும் குற்றத்தின் கூலி என்னும் எளிய முடிபை அந்நூலே மறுக்கின்றது. கோட்டையில் அரக்கன் தற்கொலைக்குத் தூண்டும்போது பயணியைத் தடுப்பவன் உடனிருக்கும் மற்றொரு தோழன். அவன் பெயரே நம்பிக்கை என்னும் பொருளது. நம்பிக்கை ஈண்டு உள்ளத்து எழும் உணர்ச்சியாக மட்டும் அன்றி, இருளில் அருகிருக்கும் துணையாகவும் காட்டப்படுதல் நினையத் தக்கது.

கிருட்டிண பிள்ளை இக்கதையை மொழிபெயர்த்தமையோடு நில்லாது, மூலத்தில் இல்லாத கிறித்துவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரித்துப் பாடினார். இதனைக் காப்பியத்திற்கு வேண்டும் அணி என்பர் சிலர். பயணியின் துன்பத்தோடு இயைத்து நோக்கின், இதன் பயன் வேறாதல் புலனாகும். ஆழ்வாரின் மருத்துவன் நோயாளனை அறுப்பவன்; தான் அறுபடாதவன். தாயும் குழவியைத் தள்ளுபவள், தான் தள்ளப்படாதவள். கிருட்டிண பிள்ளை காட்டும் இறைவனோ தானே துன்புறுகின்றான். சிலுவையில் அவன் எழுப்பிய கைவிடப்பட்டோன் குரல், 22ஆம் சங்கீதத்தின் தொடக்கமாகிய முறையீடு. துன்பம் ஏன் என்னும் வினாவுக்கு இது விடையாகாது. அவ்வினாவை எழுப்புவோன் தனியன் அல்லன் என்பதற்குச் சான்றாகும். தமிழ்ப் பத்தி மரபு பெற்றிருந்த இரு உவமைகளோடு மூன்றாவதொன்று இங்கே சேர்கின்றது.

இரு நூலுக்கும் குறைகள் இல்லாமலில்லை. காப்பிய ஆசிரியர் கம்பன் நடையில் தோய்ந்தவராதலின், சொல்வளம் சிலவிடத்துத் துன்பத்தின் கூர்மையை மழுங்கச் செய்கின்றது. வேதநாயகரின் கீர்த்தனைகளிற் சில, நீதிநூலாசிரியரின் அறிவுரைத் தொனிக்கு மீள்கின்றன. எனினும், ஆறுதல் கூறுமுன் அழுகைக்கு இடம் தந்தமையால் இருவரும் எளிய ஆறுதலுரைப்போர் வரிசையில் வையார்.

இவ்வாய்வு ஏட்டளவில் நிற்பதன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெய்த பெருமழையில் ஆதனூர் ஏரி முதலியவற்றின் மிகைநீர் அடையாற்றிற் பெருகி, முடிச்சூர், வரதராசபுரம் முதலிய தாம்பரஞ் சூழ்ந்த ஊர்களில் வீடுகளை மூழ்கடித்தது. ஊரப்பாக்கத்துத் தாழ்ந்த தெருக்களும் நீர் சூழ நின்றன. அத்தகைய காலத்தில் கோயில்களிலும் இல்லங்களிலும் இறைவன் நன்மையைப் பாடுவோர், உடைமை இழந்தாரின் செவி கேட்கப் பாடுகின்றனர். அச்செவிக்கு முன் நிற்க வல்ல பாட்டு எது, நாணி ஒதுங்க வேண்டிய பாட்டு எது என வேறுபடுத்திக் காட்டுதல் திறனாய்வாளர் கடன். பஞ்சத்தில் மன்றாடியவரும் பாடுகளைப் பாடியவரும் விட்டுச் சென்ற அளவை ஒன்றே: அழுகையை அடக்காத புகழ்ச்சியே நம்பத் தக்கது. பிற்காலக் கிறித்தவக் கீர்த்தனைகளையும் ஞானப்பாடல்களையும் இவ்வளவையால் ஆராய்ந்து வகைப்படுத்தும் பணி இளம் ஆராய்ச்சியாளரை எதிர்நோக்கி நிற்கின்றது.