ரவிக்கையைத் திருப்பிப் பாருங்கள்

கல்யாண ரவிக்கையில் உள்ள கைவேலையை ரசிக்க நினைப்பவர் முதலில் அதன் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தின் மினுமினுப்பு எல்லாரையும் ஒரேபோலக் கவர்ந்துவிடும். அது கையால் போட்டதா, இயந்திரம் போட்டதா, அவசரத்தில் முடித்ததா, பொறுமையாக உட்கார்ந்து போட்டதா என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும்.

திருப்பதியிலிருந்து சென்னைக்கு வரும் சாலையில் புத்தூருக்கு முன்னால் இருக்கிறது வடமாலபேட்டை. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் பகுதி. அருகே அப்பலாயகுண்டா பிரசன்ன வெங்கடேஸ்வரர், சற்றுத் தள்ளி நாராயணவனம் கல்யாண வெங்கடேஸ்வரர், அந்தப்பக்கம் திருமலை. முகூர்த்த நாளில் இந்தப் பக்கத்துக் கோயில்களுக்குப் போனால் மணப்பெண்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது. புடவை காஞ்சிபுரமா, தர்மாவரமா, வெங்கடகிரியா என்று உறவுப் பெண்கள் விசாரிப்பார்கள். நெய்த ஊருக்கு அத்தனை மதிப்பு. ரவிக்கைக்கு வந்தால் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு ஆச்சு?" யார் போட்டது என்று யாரும் கேட்பதில்லை. காளஹஸ்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு உண்டு, பெயர் உண்டு. அதே வட்டாரத்தில் ஊசி பிடிக்கும் பெண்களுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. இந்தக் குறையை ரசிகர்கள்தான் தீர்க்க முடியும்.

ஆந்திரப் பக்கம் மக்கம் ஒர்க் என்பார்கள், தமிழ்நாட்டுப் பக்கம் ஆரி ஒர்க். வேலை ஒன்றுதான். துணியை வெட்டுவதற்கு முன்பே கழுத்தும் கையும் அளவெடுத்துக் குறித்துவிடுகிறார்கள். டிசைனைத் தாளில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் பொடித்துளைகள் இட்டு, சாக் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து மேலே தேய்த்தால் கோலம் துணியில் இறங்கிவிடும். பிறகு துணியை மரச்சட்டத்தில் மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டுவார்கள். வலது கையில் நுனியில் கொக்கி உள்ள ஆரி ஊசி. இடது கை சட்டத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், நூலைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே இருக்கும். ஊசி இறங்கும், நூலைக் கவ்வும், மேலே வரும்போது லேசாகத் திரும்பும். அந்தத் திருப்பம் தப்பினால் கொக்கி பட்டில் சிக்கி இழையை இழுத்துவிடும். ரவிக்கை நெடுக ஒவ்வொரு தையலுக்கும் இந்தத் திருப்பம் உண்டு. வேலை நடக்கும் இடத்துக்குப் போக வாய்த்தால் மேலே இருக்கும் கையை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் கையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள்.

இப்போது ரவிக்கையைத் திருப்புங்கள். முன்பக்கம் சங்கிலியாகத் தெரிவது பின்பக்கம் ஒற்றைக் கோடாக, அதே நிற நூலில் ஓடினால் ஆரி. பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பாபின் நூலும், ஒட்டுத்தாளின் மிச்சமும் இருந்தால் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. அதுவும் அழகாக இருக்கலாம், தப்பில்லை. கைவேலையின் விலை கொடுத்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான். லைனிங் வைத்துத் தைத்த பிறகு இதெல்லாம் மறைந்துவிடும். அதனால் தையல்காரரிடம் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நூல் முடிந்த இடங்களில் முடிச்சு உறுதியா என்று கட்டாயம் பாருங்கள். சங்கிலித் தையலின் கடைசிக் கண்ணி கட்டப்படாமல் இருந்தால் ஒரு இழுப்பில் மொத்த வரிசையும் பிரிந்து வந்துவிடும்.

முன்பக்கத்தில் மயிலும் மாங்காயும் யாருக்கும் பிடிக்கும். நீங்கள் வளைவுகளைப் பாருங்கள். நேர்கோட்டில் தையல் சீராக வருவது பழக்கம். மயில் கழுத்து வளைகிற இடத்தில் தையலைச் சின்னதாக்கிக்கொண்டே போவதுதான் கைத்திறன். ஜர்தோசி என்பது சுருள் கம்பி. அதைத் துண்டுதுண்டாக வெட்டி, மணி கோப்பதுபோல ஊசியில் கோத்துத் தைக்கிறார்கள். துண்டு நீளமானால் நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும், குட்டையானால் அடியில் நூல் தெரியும். கல் பதித்த இடத்தில் வெறும் பசையா, சுற்றிலும் நூல் கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இந்தப் பின்பக்கக் கணக்கு எல்லா ஊசிவேலைக்கும் பொருந்தாது. நீலகிரியின் தோடர் பெண்கள் வரைபடமும் சட்டமும் இல்லாமல், வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே கறுப்பும் சிவப்புமாகத் தைக்கிறார்கள். தைப்பது துணியின் பின்பக்கத்திலிருந்து. மறுபக்கம் புடைத்து நிற்கும் பகுதிதான் முகப்பு. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை ரசிக்க, விரலை வைத்து நீங்களும் இழைகளை எண்ண வேண்டும்.

முந்தானைக் குச்சையும் விட்டுவிடாதீர்கள். தறியிலிருந்து அறுத்த புடவையின் நுனி இழைகள் பிரியாமல் இருக்கக் கட்டுகிற முடிச்சு அது. இப்போது குரோஷா ஊசியால் பின்னி மணி கோத்து அதையும் தனிக் கலையாக்கிவிட்டார்கள். சட்டம் வேண்டாம், இடம் வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு பேசியபடியே கட்டலாம். சமையலுக்கும் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் முடிகிற வேலை. அதில் வரும் பணம் பெரும்பாலும் கட்டுகிற பெண்ணின் கையிலேயே தங்கும் பணம். அதனாலேயே எனக்கு இது பெரிய விஷயம்.

தெற்கே நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் 1821இல் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமை நிலையில் இருந்த பெண்கள் சிலர் அந்தச் சம்பாத்தியத்தைக் கொண்டே தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கியதாக மிஷன் வரலாறு சொல்கிறது. ஊசிக்கு அவ்வளவு வலு உண்டு. ஆந்திரத்தில், கோதாவரிக் கரை நரசாபூரின் குரோஷா லேஸ் கடல் கடந்து விற்றது; ஆனால் ஆய்வாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பின்னிய பெண்களை வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகள் என்று சொல்லிச் சொல்லியே கூலியைக் குறைத்துவைத்திருந்தார்கள். ஏற்றுமதி லாபம் வேறு கைகளுக்குப் போனது.

கல்யாணம் வைக்காத தெலுங்கு ஆஷாடமும் தமிழ் ஆடியும் கொஞ்சம் முன்பின்னாக வருவதால், இரண்டையும் பார்க்கும் எல்லை ஊர்களில் கல்யாண வேலை கூடுதல் நாட்கள் ஓய்ந்திருக்கும். ஆவணி பிறந்ததும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் ரவிக்கை வேண்டும். ராத்திரி விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு போடுவது அப்போதுதான். தேதி குறித்தவுடனே, ஓய்ந்திருக்கும் மாதத்திலேயே துணியைக் கொடுத்துவிடுங்கள். வேலையும் நிதானமாக வரும், வேலை செய்பவர் வீட்டிலும் அடுப்பு எரியும். கடை மூலமாகக் கொடுத்தாலும், வாங்கும்போது போட்டவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு அவரிடமே நேராகப் போகலாம்.