படகு கொள்ளும் அளவு

ஓர் இசைக்குழு எவ்வளவு பெரியது என்பதை மேடையில் பார்த்து அறிய முடியாது. குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணை வழியாக வேலணைக்கு வந்து, புங்குடுதீவுத் தாம்போதியும் தாண்டி ஓடிவந்த லொறி அங்கே நின்றுவிடும். அப்பால் கடல். ஒலிபெருக்கிப் பெட்டிகள், மிக்சர், ஓர்கன், ட்ரம்ஸ், வயர்ச் சுருள்கள் எல்லாவற்றையும் தோளில் சுமந்து படகுக்கு மாற்ற வேண்டும். கடலில் போவது கால்மணி நேரந்தான். ஆனால் ஏற்றி இறக்க அரைநாள் போய்விடும். நயினாதீவு நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாக் காலத்தில் இந்தத் துறையில் நான் பல தடவை நின்றிருக்கிறேன். ட்ரம்ஸ் அடிப்பவருக்கு நரை விழுந்ததையும், ஓர்கன்காரர் படகில் கால்வைக்க முன் ஒருவரின் தோளைப் பிடிப்பதையும் அங்கேதான் முதலில் கவனித்தேன். இரவு மேடையில் மின்விளக்கின் கீழ் அவர்கள் மறுபடியும் முப்பது வயதுக்காரர்களாகிவிடுவார்கள்.

வயதாகிய இசைக்குழுக்கள் இன்னும் எத்தனை காலம் பெரிய அளவில் ஊர் ஊராகப் போகும் என்ற கேள்வியை உலகம் பெரும்பாலும் றோலிங் ஸ்டோன்ஸை வைத்தே கேட்கிறது. 1962இல் லண்டனில் தொடங்கிய குழு அது. 2003 ஏப்ரலில் பெங்களூரிலும் மும்பையிலும் வந்து வாசித்தது. அதன் ட்ரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் 2021 ஓகஸ்டில், எண்பதாவது வயதில் மறைந்தார். அடுத்த மாதமே அவரிடத்தில் ஸ்டீவ் ஜோர்டன் இருக்க, சுற்றுப்பயணம் தொடர்ந்தது. 2024இல் வட அமெரிக்காவெங்கும் விளையாட்டரங்குகளில் பாடினார்கள். அந்தப் பயணத்துக்கு அனுசரணை வழங்கியது ஐம்பது வயது தாண்டியவர்களின் நலனுக்கான ஓர் அமைப்பு.

மிக் ஜாகர் 1943 யூலையில் பிறந்தவர், கீத் ரிச்சர்ட்ஸ் அதே ஆண்டு டிசெம்பரில். இளையராஜாவும் 1943ஆம் ஆண்டுக்காரரே. 2025 மார்ச் 8ஆம் திகதி, எண்பத்தோராவது வயதில், லண்டனில் றோயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவைக்கொண்டு தன் முதல் சிம்பொனியை அவர் அரங்கேற்றினார். அதற்கு முந்தைய ஆண்டு சனவரியில் கொழும்பில் அவர் நடத்தவிருந்த நிகழ்ச்சி மகள் பவதாரிணியின் மறைவால் தள்ளிப்போய், பின்னர் நடந்தது. அந்தத் துயரத்துக்குப் பிறகும் அதே நகரத்து மேடையில் அந்த வயதில் வந்து நின்றவரைப் பார்த்து, ஓய்வெடுக்கலாமே என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாடுகிறவரும் இசையமைக்கிறவரும் எப்போது நிறுத்துவது என்பதை அவரவர் உடம்பு சொல்லும். எனக்கு வேண்டிய கேள்வி வேறு. குழு என்ற அமைப்பு எப்படி மூப்படைகிறது? அதன் பெரிய அளவை யார் தாங்கிப் பிடிக்கிறார்கள்?

எங்கள் பக்கத்தில் இந்தக் குழுக்களுக்குக் கோஷ்டி என்று பெயர். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் தமிழ்நாட்டிலிருந்து வரும் சஞ்சிகைகளும் படங்களும் குறைந்தபோது உள்ளூர்க் கலைக்கு ஒரு வாசல் திறந்தது. பொப்பிசை அதற்குச் சற்று முன்பே பிறந்திருந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பேச்சுத்தமிழில் பாடிய பாட்டுகள் கலியாண வீடுகள்வரை போயின. ஏ.ஈ. மனோகரன் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்றே பெயர் பெற்றார். நெடுந்தீவுக் கரையைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978இல் படமானபோது அதில் நடித்தவரும் அவரே. தீவகத்து முதியவர்கள் பலருக்கு அவர் பாட்டுக்காரர் மட்டுமல்லர், எங்கள் கதையில் வந்துபோன ஆள்.

கண்ணன் கோஷ்டி போன்றவை குடாநாட்டுக் கோயில் வீதிகளை நிறைத்த காலமும் அதுதான். அவற்றின் சுற்றுப்பயணப் பாதை பஞ்சாங்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆனியில் நயினை, ஆடியில் மாவிட்டபுரம், ஆவணியில் சந்நிதி, புரட்டாசியில் வல்லிபுரம், இடையிடையே ஊர்ப் பிள்ளையார், வைரவர், அம்மன் கோயில்கள். பதினைந்து இருபது பேர் ஒரு வானிலும் ஒரு லொறியிலும் வருவார்கள். அந்தத் திருவிழாவின் செலவை ஏற்ற உபயகாரர் வீட்டில் சாப்பாடு. விடியும்வரை பாட்டு.

பிறகு போர். 1990களின் முதற்பாதியில் தீவுகள் படையினர் கையிலும் குடாநாடு புலிகள் கையிலும் இருந்தன. கோஷ்டி கடக்க வேண்டிய கடல் அப்போது எல்லையாகிவிட்டது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு மிஞ்சியிருந்த குழுக்களும் சிதறின. ஓர்கன்காரர் ரொறன்ரோவில், கிற்றார்காரர் சூரிச்சில், பாடகர் வன்னியில். ஒரு குழுவுக்கு இதைவிட வேகமாக வயதாக முடியாது. இருபத்தைந்து வயதில் பிரிந்தவர்கள் ஐம்பதில் மறுபடி சந்தித்தபோது இடையில் இருந்த இருபத்தைந்து வருடப் பயிற்சி யாரிடமும் இல்லை.

பாடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போர்க்காலப் பாடல்களாலும் பக்திப் பாடல்களாலும் அறியப்பட்ட எஸ்.ஜி. சாந்தன் 2017 பெப்ரவரியில் மறைந்தார். மனோகரன் 2018 சனவரியில் சென்னையில் காலமானார். நித்தி கனகரத்தினம் வேளாண்மைத்துறை விரிவுரையாளராக வாழ்ந்து ஆஸ்திரேலியாவில் குடியேறினார். கோஷ்டியின் பாரம் இல்லாமல் பாட்டைத் தன்னோடு கொண்டுபோக முடிந்தவர் அவர், ஒரு கிற்றார் போதுமாயிருந்தது.

தெற்கில் நிலைமை வேறு. மொறட்டுவையில் அன்டன் பெரேரா 1969இல் தொடங்கிய ஜிப்சீஸ் குழு அரை நூற்றாண்டுக்கு மேல் பைலா மேடைகளை ஆண்டது. அதன் முகமாக இருந்த சுனில் பெரேரா 2021 செப்டெம்பரில், அறுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கையில் மறைந்தார். குழு நிற்கவில்லை. தம்பி பியல் பெரேரா முன்னின்று நடத்துகிறார். குடும்பம் ஒன்றாக ஒரே ஊரில் இருந்ததும், இடம்பெயராத ரசிகர் கூட்டமும் அவர்களுக்கு வாய்த்தன. எங்கள் கோஷ்டிகளுக்கு அந்த இரண்டும் கிடைக்கவில்லை. திறமையில் குறை இருந்ததென்று யாரும் சொல்ல விடமாட்டேன்.

இன்று நயினாதீவில் ஓர் இரவு பெரிய இசைநிகழ்ச்சி வைப்பதென்றால் அதை நடத்துவது பெரும்பாலும் கடல்கடந்த உபயம். முப்பது வருடத்துக்கு முன் ஊரைவிட்டுப் போன ஒருவர், தான் இளந்தாரியாக மணலில் இருந்து கேட்ட கோஷ்டியையே அழைக்கச் சொல்கிறார். பழைய ஆட்கள், பழைய பாட்டுகள், ஆனால் பெட்டிகள் மட்டும் அப்போது இருந்ததைப்போல மூன்று மடங்கு. அமெரிக்காவில் ஐம்பது தாண்டியவர்களின் அமைப்பு றோலிங் ஸ்டோன்ஸுக்குப் பணம் கொடுத்ததும், லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் எங்கள் உபயகாரர் குறிகட்டுவானுக்கு லொறி அனுப்புவதும் எனக்கு ஒரே காரியமாகத்தான் படுகிறது. கேட்பவர்கள் தங்கள் இளமையைத் திரும்பக் கேட்கிறார்கள். அளவைப் பெருப்பிப்பது அந்த ஏக்கம். கலைஞனின் முதுகு அதைச் சுமக்கிறது.

இந்த ஏக்கத்தை நான் குறைவாகப் பேசவில்லை. எனக்கும் அது உண்டு. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சிக்குத் திரண்ட கூட்டம் தடுப்புகளைத் தாண்டி உள்ளே புகுந்து, பாட்டே தடைப்பட்டது. அத்தனை பெரிய கூட்டத்தை ஏந்த மைதானத்தாலும் முடியவில்லை, ஏற்பாட்டாலும் முடியவில்லை. நயினாதீவின் தெருக்களுக்கு இன்னும் குறைவான தாங்குசக்திதான். தேசிய மின்வலையமைப்போடு இணையாத தீவு இது. தீவிலேயே உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஓடும் ஊரில் எத்தனை ஆயிரம் வாற்று ஒலியை எழுப்பலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு.

வெளியுலகம் வேறொரு வழியையும் கண்டுபிடித்திருக்கிறது. அப்பா (ABBA) குழுவின் நால்வரையும் இளமைத் தோற்றத்தில் ஒளியுருவாக்கி 2022 மேயிலிருந்து லண்டனில் ஓர் அரங்கில் காட்டுகிறார்கள். கிஸ் குழு 2023 டிசெம்பரில் நியூயோர்க்கில் கடைசி நிகழ்ச்சியை முடித்த அன்றே, இனித் தங்கள் ஒளியுருக்கள் பாடும் என்று அறிவித்தது. ஒளியுருவுக்கு மூச்சு வாங்காது. படகில் ஏற யாருடைய தோளையும் பிடிக்காது. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு முன்வரிசையில் தூங்கிவிட்ட பிள்ளையைப் பார்த்து அடுத்த பாட்டைத் தாலாட்டாக மாற்றிப் பாடிய ஒரு பாடகரை நான் இந்தத் தீவில் கண்டிருக்கிறேன். அதை ஒளியுருவால் செய்ய முடியாது.

மூப்பைத் தாங்கும் குழு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான விடை இந்தத் திருவிழாவிலேயே, கோஷ்டி மேடைக்கு நூறு யார் தள்ளி இருக்கிறது. மேளச்சமாவைச் சொல்கிறேன். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப்பெட்டி. ஆறுபேர். மின்சாரம் இல்லாவிட்டாலும் நாலு வீதிக்கும் கேட்கும். சனங்களோடு சனமாக ஒரே படகில் வந்து இறங்குவார்கள்.

அந்த அமைப்புக்குள்ளேயே வயதுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். மூத்தவர் இராகத்தை விரிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் பக்க நாதஸ்வரம் ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளும். கேட்பவருக்கு இடைவெளி தெரியாது. வருடம் போகப்போக மூத்தவர் பிடிக்கும் பகுதி சுருங்கும், பக்கத்தில் இருப்பவர் பிடிக்கும் பகுதி நீளும். நாதஸ்வரக்காரருக்குப் பல் விழுந்தால் சீவாளியில் உதடு நிற்கும் விதமே மாறிவிடும். அப்போது அவர் ஆலாபனையைத் தொடக்கிவைத்து, கீர்த்தனையை மற்றவரிடம் விடுவார். தவில்காரரின் விரல்கள் கூட்டுக்குள் சோர்ந்தால் தனியாவர்த்தனத்தின் வேகமான பகுதி இளையவரிடம் போகும். பெயர் மூத்தவருடையதாகவே இருக்கும். ஒருநாள் அந்தப் பக்கத்தவரே நடுவில் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பொடியன்.

நாதஸ்வரக் கலைஞர் அளவெட்டி என்.கே. பத்மநாதன் (1931–2003) எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தவர். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) அளவெட்டியில் வாழ்ந்து, தமிழ்நாட்டு மேடைகளையும் வென்று, நாற்பத்திரண்டு வயதுக்குள் போய்விட்டார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியத் தேசிய விருது பெற்றது. ஆளை இழந்தாலும் அந்த வாசிப்புமுறையை ஈழத்துத் தவில் இழக்கவில்லை. கானமூர்த்தி, பஞ்சமூர்த்தி சகோதரர்களின் நாதஸ்வரம் அடுத்த தலைமுறையில் பஞ்சமூர்த்தி குமரனின் கையில் ஒலிக்கிறது.

இதைச் சொல்லும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அந்தத் தொடர்ச்சியைக் காத்ததில் பெரும்பங்கு சாதிக்குரியது. இன்ன குடும்பத்தில் பிறந்தவன் இந்த வாத்தியத்தைத் தூக்க வேண்டும் என்று ஊர் விதித்தது. வாசிப்பைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களே வாசித்தவரைத் திண்ணையில் இருத்திச் சாப்பாடு கொடுத்த காலம் வெகுதூரத்தில் இல்லை. அப்படிப்பட்ட தொடர்ச்சி அறுந்தால் அதற்காக நான் அழமாட்டேன். இன்றைய மேளகாரரின் மகன் பொறியியல் படிக்க விரும்பினால் படிக்கட்டும். கலை தொடர வேண்டுமென்றால் விரும்பி வருகிற எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பக்க ஆசனம் கிடைக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை போன்ற இடங்களில் அது நடக்க முடியும்.

கோஷ்டிகளிடம் இல்லாதது அந்தப் பக்க ஆசனந்தான். பெரும்பாலான குழுக்கள் ஒருவரின் குரலையும் ஒருவரின் ஓர்கனையும் சுற்றிக் கட்டப்பட்டவை. அவருக்குச் சுகமில்லையென்றால் திருவிழா நோட்டீசில் பெயரை வெட்ட வேண்டியதுதான். பெரிய அளவு முதலில் உடையும். உடையட்டும் என்றே நினைக்கிறேன். பதினைந்து பேர் எட்டுப்பேர் ஆகலாம். எட்டில் மூன்று பேர் இருபது வயதுக்காரராக இருக்கலாம். மூத்த பாடகர் இரவு முழுவதும் நிற்க வேண்டியதில்லை, நாலு பாட்டை ஒரு கதிரையில் இருந்து பாடலாம். நயினாதீவுச் சனம் அதைக் குறைவாக எண்ணாது. அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டு மணலில் வந்து குந்துகிற சனம் அது.

சென்ற திருவிழாவில் தீர்த்தத்துக்கு மறுநாள் காலை முதற்படகில் திரும்பினேன். கோஷ்டியின் பெட்டிகள் இன்னும் துறையில் அடுக்கியிருந்தன, அவற்றுக்கு வேறு படகு வர வேண்டும். மூத்த ஓர்கன்காரர் அவற்றைக் காவல் காத்தபடி ஒரு பெட்டியின் மேல் இருந்தார். பக்கத்தில் பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன், மடியில் மூடிய ஓர்கன். பெரியவர் தன் பழைய கொப்பி ஒன்றை விரித்து, பாட்டின் தொடக்க இசையை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பொடியன் உறையின் மேலேயே விரல்களை ஓட்டிப் பார்த்தான். ஓரிடத்தில் தவறியிருக்க வேண்டும். பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சற்று இடப்பக்கம் நகர்த்தினார். எங்கள் படகு கட்டவிழ்ந்து திரும்பும்போதும் அவர்கள் அந்தப் பக்கத்திலேயே இருந்தார்கள்.