கண்ணுக்குத் தக்க எழுத்து

காம்பாரில் என்னை எங்கே பார்த்தாலும் கைப்பையில் கிண்டில் என்ற மின்நூல் கருவி இருக்கும். பசாரில் மீன் வெட்டித் தரும்வரை படிக்கிறேன். கிளினிக்கில் நம்பர் கூப்பிடும்வரை படிக்கிறேன். ஈடிஎஸ் ரயில் ஏறினால் கோலாலம்பூர் வரும்வரை தலை நிமிர்வதில்லை. அறுபதைத் தாண்டிய தமிழ் வாசகர் யார் கிடைத்தாலும் அவர் கையில் அதைக் கொடுத்து, “எழுத்தைப் பெருசாக்கிப் பாருங்க” என்கிறேன். அப்போது அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே! வாழ்நாளெல்லாம் தமிழ் சொல்லிக் கொடுத்தவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

வயதான கண்ணைத் தமிழ் எழுத்து சோதிக்கிற விதமே தனி. முதலில் காணாமல் போவது புள்ளி. மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யாகத் தெரியும். வாக்கியத்தை இரண்டு தடவை படித்தால்தான் பொருள் பிடிபடும். அடுத்து ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றாகிவிடும். பிறகு இரண்டு சுழியா மூன்று சுழியா என்று புத்தகத்தைச் சன்னலுக்குக் கொண்டுபோக வேண்டிவரும். பத்துப் பக்கம் போவதற்குள் கண் எரிந்து, நல்ல நாவல் தலையணைக்கடியில் போய்விடும். ஆசை குறைந்ததால் நம்மவர்கள் வாசிப்பை விடவில்லை. கண் விடவைத்தது.

இதற்குக் காரணம் வெள்ளெழுத்து மட்டுமல்ல. நாற்பதுக்குமேல் கண்ணின் லென்ஸ் இறுகுவதால் கிட்டத்தில் இருப்பது மங்கும்; அதற்குக் கண்ணாடி போதும். அறுபதில் வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது. கண்ணின் பாவை சுருங்கி, லென்ஸும் மஞ்சளாகிவிடுகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இப்போது உள்ளே போகிறது. கண்ணாடி எழுத்தைக் கூர்மையாக்கும், வெளிச்சத்தைக் கூட்டித் தராது. பழுப்பேறிய மலிவுப் பதிப்பில் மங்கிய மை, அதுவும் பூஜாங் மலாக்கா மலையிலிருந்து மழைமேகம் இறங்கி வீடே இருட்டாகிற காம்பார் பிற்பகலில்! எந்தக் கண்தான் தாங்கும்?

இந்த இடத்தில்தான் கிண்டில், கோபோ போன்ற கருவிகள் கைகொடுக்கின்றன. இவற்றின் திரை கைப்பேசித் திரையைப் போன்றதல்ல. 1997இல் அமெரிக்காவின் எம்ஐடியில் உருவான மின்மை நுட்பம் அது. கண்ணுக்கே தெரியாத நுண்குமிழ்களுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் இருக்கும். மின்னூட்டத்துக்கேற்ப ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும்; அப்படித்தான் பக்கத்தில் எழுத்து படிகிறது. காகிதத்தைப் போலவே மேலே விழும் ஒளியைத்தான் அது திருப்பித் தருகிறது. 2012இல் வந்த கிண்டில் பேப்பர்ஒயிட்டில் திரை விளிம்பில் சிறு விளக்குகளை வைத்து ஒளியைப் பக்கத்தின்மேல் பரவவிட்டார்கள். ஒளி கண்ணை நோக்கிப் பாயாமல் எழுத்தின்மேல் விழுகிறது. நம் வயதுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது!

விளக்கு உள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இளையோரையும் அறுபது தாண்டியோரையும் காகிதத்திலும், விளக்கில்லாத மின்மைத் திரையிலும், ஒளிரும் டேப்லட்டிலும் படிக்கவைத்துக் கண்ணசைவையும் மூளை அலைகளையும் அளந்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் காகிதம்தான் பிடிக்கும் என்றார்கள். ஆனால் மூத்தவர்களின் கண்ணும் மூளையும் குறைந்த சிரமத்தில் படித்தது டேப்லட்டில்தான். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான பளிச்சென்ற வேறுபாடுதான் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். மூத்த கண்ணுக்கு வேண்டியது வெளிச்சம். அதை மணிக்கணக்கில் கண் கூசாமல் தருவது விளக்குள்ள மின்மைத் திரை என்பது என் அனுபவம்.

எழுத்தின் அளவைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. காலையில் நடுத்தர அளவு, இரவில் கண் சோர்ந்ததும் இரண்டு படி மேலே. வரிகளுக்கு நடுவே இடம் விட்டுக்கொள்ளலாம். கண்புரை தொடங்கி வெள்ளைப் பக்கம் கூசினால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம். எடையோ இருநூறு கிராம் சொச்சம். ஐந்து பாகப் பொன்னியின் செல்வனை விரல் மூட்டு வலிக்காமல் ஒற்றைக் கையில் பிடித்துப் படிக்கிற சுகம் இருக்கிறதே!

தமிழில் என்ன கிடைக்கும் என்று கேட்பார்கள். கொட்டிக் கிடக்கிறது! சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் முதல் கல்கிவரை இலவசம். உலகெங்கும் உள்ள தமிழர்கள் காசு வாங்காமல் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்த்தது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஒரே நூலை எழுத்தளவை மாற்றக்கூடிய ஈபப் கோப்பாகவும் ஆறு அங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பிடிஎஃப்பாகவும் தருகிறது. 2016 இறுதியில் அமேசானும் கிண்டிலில் தமிழ் நூல்களைக் கொண்டுவந்தது. ஒன்று மட்டும் கவனம்: ஈபப்பாகவே எடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும்.

எங்கள் வீட்டு வரிசையில் ஓர் அக்கா இருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தொடர்கதை என்றால் உயிர். பல வருடமாகப் புத்தகத்தைத் தொடவில்லை. இருக்கிற அளவிலேயே பெரிய எழுத்தை வைத்துக் கிண்டிலைக் கையில் கொடுத்தேன். ஒரு வரிக்கு நாலு சொல்தான் நின்றது. விரலை வைத்து, உதடு அசைய முதல் வரியைப் படித்தார். “டீச்சர், புள்ளிகூடத் தெரியுது டீச்சர்!” என்றார். பக்கம் திருப்பக் கற்றுக் கொடுத்தேன். அப்புறம் நான் போட்ட தேநீர் ஆறிப் போனதையும் அவர் கவனிக்கவில்லை. இப்போது பொன்னியின் செல்வன் நாயகன் வந்தியத்தேவனைப் பற்றிப் பேசாமல் எங்களுக்குப் பொழுதே விடிவதில்லை.

அச்சுப் புத்தகத்தை நான் கைவிடவில்லை. ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயிலும் அ. ரெங்கசாமியின் லங்காட் நதிக்கரையும் என் அலமாரியில் கைக்கெட்டும் தட்டில்தான் இருக்கின்றன. நம் தோட்டத்து வாழ்க்கையை எழுதிய எத்தனையோ நூல்கள் சிறிய எழுத்தில் அச்சோடு நின்றுவிட்டன என்பதுதான் என் ஏக்கம். அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களுக்கே இன்று அவற்றைப் படிக்க முடியவில்லை. முரசு அஞ்சலும் செல்லினமும் தந்து, கணினியிலும் கைப்பேசியிலும் தமிழை ஓடவிட்ட முத்து நெடுமாறன் நம் மலேசிய மண்ணின் மைந்தர். அப்படிப்பட்ட நாட்டில் நம் நாவல்கள் மின்நூலாக வருவது பெரிய காரியமா?

கண் மங்கினால் முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். அதன்பின் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் தயங்காமல் கிண்டில் என்று சொல்லுங்கள். நாலு தமிழ் நூல்களை ஏற்றித் தரச் சொல்லுங்கள். எழுத்தாளர்களே, பதிப்பாளர்களே, நீங்கள் ஈபப் கோப்பைக் கொடுங்கள். ஓய்வும் ஆசையும் நிறைந்த வாசகர்கள் காம்பாரிலும் ஈப்போவிலும் எத்தனையோ பேர் இருக்கிறோம். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி, ஒரு புள்ளி விடாமல் படித்து முடிப்போம்.